காற்றின் திசையும் வலையின் திசையும்

மொழியாசிரியர் காற்றின் கணக்கைப் பற்றி எழுதப் புகுந்தமை ஏன் என நம் வாசகர் சிலர் வினவுதல் கூடும். அதற்கு விடை இரண்டு. இத்துறைக் கருத்துக்கள் பிறமொழி நூல்களுள்ளே அடங்கிக் கிடப்பினும், எளிய தமிழிற் சொல்லப்படின் உயர்வகுப்பு மாணாக்கர் எவரும் ஐயமற அறியத்தக்கன என்பது ஒன்று. இக்கணக்கின் நடுவே கிடப்பது ஒரு சொல்லின் பொருள் பற்றிய வினா என்பது மற்றொன்று. ஓர் அட்டவணையில் ஓர் எண்ணின் எதிரே 'வடக்கு நோக்கி' என்று எழுதப்பட்டிருப்பின், அஃது எந்த வடக்கு? பூமியின் வடக்கா, அன்றி அவ்வட்டவணையை அமைத்தோர் தம் வசதிக்கென வரைந்த வலையின் வடக்கா? இவ்வினாவைக் கேளாது விடுவோர் அடையும் இழுக்கு எத்துணைப் பெரிது என்பதையும், கேட்டோர் செய்யவேண்டுவது எத்துணைச் சிறிது என்பதையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்காலத்து வானிலைக் கணினிகள் காற்றைப் பெரும்பாலும் வளைந்த வலைகளின்மேற் கணிக்கின்றன. அக்கணிப்பைப் பயன்படுத்துவோர்க்கோ அகலக்கோடும் நெடுங்கோடும் நேர்நேராக ஓடும் வலையே வசதியானது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை மாற்றுங்கால், ஒவ்வோர் எண்ணும் எவ்விடத்துக்கு உரியது என்பதிற் பலரும் கருத்தைச் செலுத்துவர். அவ்வெண் எத்திசைக்கு உரியது என்பதை மறந்துவிடுவர். இடத்தை மாற்றித் திசையை மாற்றாது விடின் வருவது பிழையான காற்று. அப்பிழை கண்ணுக்குப் புலப்படாதது என்பதே அதன் கொடுமை.

காற்று ஒரு காவி

வெப்பநிலை, அமுக்கம், ஈரப்பதன் ஆகியன தனியோர் எண்ணாற் கூறப்படுவன. ஓரிடத்து வெப்பநிலை 28 பாகை எனின், எப்பக்கம் திரும்பி நின்று நோக்கினும் அது 28 பாகையே. இத்தகையனவற்றை எண்ணிக் கணியங்கள் என்பர். காற்று அத்தகையதன்று. அதற்கு வேகமும் உண்டு, திசையும் உண்டு. ஆதலின் அது காவிக் கணியம் எனப்படும்.

காவியை எழுதும் முறை இரண்டு. வேகத்தையும் திசைக்கோணத்தையும் கூறுதல் ஒரு முறை. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளைத் தேர்ந்து, அவ்விரு திசைகளிலும் காற்றின் கூறுகள் எவ்வளவு எனத் தனித்தனி கூறுதல் மற்றொரு முறை. கணினிகள் கையாளுவது இரண்டாம் முறையையே. செக்கனுக்கு 3 மீற்றர் கிழக்கு நோக்கியும், 4 மீற்றர் வடக்கு நோக்கியும் கூறுகள் இருப்பின், பைதகரசின் தேற்றப்படி வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் என்பது வெளிப்படை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். காற்றுக்குப் பெயரிடுவோர் அது வரும் திசையைக் கொண்டே பெயரிடுவர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. நம் முன்னோர் வழங்கிய இம்முறையையே இன்றைய வானிலை அறிஞரும் பின்பற்றுகின்றனர். ஆயின் கணினியின் கூறுகள் காற்றுச் செல்லும் திசையைக் குறிப்பன. கிழக்குக் கூறு 10, வடக்குக் கூறு பூச்சியம் எனின், காற்றுக் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. அதன் பெயரோ மேல்காற்று. பெயரையும் கூறையும் ஒப்பிடுமிடத்து இந்த 180 பாகை மாறுபாட்டை முதற்கண் நினைவிற் கொள்க.

வலை வளைந்தது ஏன்

வானிலையைக் கணிக்கும் கணினி, வளிமண்டலத்தின்மேல் ஒரு வலையை விரித்தாற்போலப் புள்ளிகளை அமைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் காற்றையும் வெப்பத்தையும் பிறவற்றையும் கணிக்கும். மீன்வலைக்கு முடிச்சும் கண்ணும் இருத்தல் போல இவ்வலைக்கும் உண்டு. எண்கள் இருக்குமிடம் முடிச்சு. நான்கு முடிச்சுகளுக்கு இடைப்பட்ட வெளி கண்.

அகலக்கோடுகளையும் நெடுங்கோடுகளையுமே வலையாகக் கொள்ளலாகாதோ எனின், கொள்ளலாம். ஆயின் அதில் ஓர் இடர் உண்டு. நெடுங்கோடுகள் முனைவுகளிலே சென்று கூடுவன. ஒரு பாகை நெடுங்கோட்டின் அகலம் மத்தியகோட்டில் ஏறத்தாழ 111 கிலோமீற்றர், 60 ஆம் அகலக்கோட்டில் அதிற் பாதி, முனைவிற் பூச்சியம். எனவே வலையின் கண்கள் ஓரிடத்து அகன்றும் ஓரிடத்து ஒடுங்கியும் போகின்றன. கண் ஒடுங்க ஒடுங்கக் கணிப்பின் காலப்படியும் குறுகவேண்டியிருத்தலின், கணினியின் உழைப்பு வீணாகும்.

இவ்விடரை நீக்கப் பழைய தேசப்படக் கலை கைகொடுத்தது. யோகான் ஹைன்றிக் லம்பேட் என்னும் அறிஞர் 1772 ஆம் ஆண்டிலே ஒரு கூம்பு எறியத்தை வெளியிட்டார். உருண்டையாகிய பூமியின்மேல் ஒரு கூம்பைக் கவிழ்த்து, மேற்பரப்பை அதன்மீது எறிந்து, பின் கூம்பை ஓரிடத்திற் கீறித் தட்டையாக விரித்தாற் கிடைப்பது போன்ற படம் அது. கோணங்கள் அதிற் சிதைவதில்லை. இடைப்பட்ட அகலக்கோடுகளிலுள்ள நாடுகளுக்கு அது மிகப் பொருத்தமானது. அவ்விரித்த தாளின்மேற் சதுரக் கண்களையுடைய வலையை வரைந்தால், கண்கள் யாவும் ஏறத்தாழ ஒரே அளவினவாகும். தாளில் நேராயுள்ள அவ்வலையைப் பூமியுருண்டையின்மேல் மீட்டும் போர்த்திப் பார்ப்பின், அதன் கோடுகள் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் சாய்வாக வெட்டிக்கொண்டு வளைந்து ஓடும். இதுவே வளைகோட்டு வலை.

இருவகை வலைகளையும் வேறு பிரித்தறியும் வழி எளிது. நேர்கோட்டு வலையில், அகலக்கோடுகளின் பட்டியல் ஒன்றும் நெடுங்கோடுகளின் பட்டியல் ஒன்றும் இருந்தாற் போதும். எல்லா முடிச்சுகளின் இடமும் தெரிந்துவிடும். வளைகோட்டு வலையிலோ ஒவ்வொரு முடிச்சுக்கும் அதன் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் தனித்தனியே எழுதிவைத்தல் வேண்டும்.

கணினி கொண்டு செய்த முதல் வானிலை முன்கணிப்பும் நேர்கோட்டு வலையின்மேற் செய்யப்பட்டதன்று. 1950 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து அபடீன் நகரில், எனியாக் என்னும் கணினியைக் கொண்டு சார்ணி, ஃபியோர்டொஃப்ட், ஃபொன் நொய்மன் ஆகியோர் அதனைச் செய்தனர். வடமுனைவை நடுவாகக் கொண்ட எறியத்தின்மேல் 19 க்கு 16 முடிச்சுகள் உடைய சிறு வலை அது. அவர்கள் முன்கணித்தது 500 மில்லிபார் அமுக்க மட்டத்தின் உயரம். உயரம் எண்ணிக் கணியம் ஆதலின், வலை எப்படிச் சாய்ந்திருப்பினும் அவ்வெண்ணின் பொருள் மாறவில்லை. காற்றுக்கு அந்தச் சலுகை இல்லை.

வலமும் கிழக்கும்

இதனை விளக்க வகுப்பறை உவமை ஒன்று போதும். ஆசிரியரைச் சூழ அரைவட்டமாக மாணாக்கர் நாற்பதின்மர் அமர்ந்திருக்கின்றனர். எல்லாரும் ஆசிரியரையே நோக்கியிருக்கின்றனர். 'வலக்கையை நீட்டுக' என்று ஆசிரியர் பணிக்கின்றார். எல்லாரும் வலக்கையையே நீட்டுகின்றனர். எவரும் தவறு செய்யவில்லை. ஆயினும் நாற்பது கைகளும் நாற்பது திசைகளைக் காட்டுகின்றன. 'கிழக்கு நோக்கிக் கையை நீட்டுக' என்று பணித்திருப்பின், சிலர் வலக்கையை முன்னே நீட்டியும் சிலர் பின்னே திருப்பியும், முடிவில் எல்லாக் கைகளும் ஒரே திசையைக் காட்டியிருக்கும்.

வலம், இடம், முன், பின் என்பன ஆளைச் சார்ந்த சொற்கள். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்பன பூமியைச் சார்ந்த சொற்கள். வளைந்த வலையின் கூறுகள் முதல் வகையைச் சேர்ந்தன. ஒவ்வொரு முடிச்சும் தன் வலையின் நிரையை 'வலம்' என்றும் நிரலை 'முன்' என்றும் கொண்டு, காற்றை அவ்விரு திசைகளிற் கூறு போட்டு வைத்திருக்கின்றது. அவ்வெண்களை அப்படியே எடுத்து 'கிழக்குக் கூறு', 'வடக்குக் கூறு' என்று பெயர் சூட்டுதல், நாற்பது வலக்கைகளும் கிழக்கையே காட்டுகின்றன என்று கூறுவதை ஒக்கும்.

ஆதலின் வேலை இரண்டு பகுதிகளை உடையது. காவியின் கூறுகளை வலையின் திசையிலிருந்து பூமியின் திசைக்குச் சுழற்றுதல் ஒன்று. முடிச்சுகளுக்கு இடையே உள்ள புதிய புள்ளிகளில் மதிப்பைக் கணித்தல் மற்றொன்று. இவற்றை முறையே சுழற்றல், இடைக்கணிப்பு என்பாம்.

சுழற்றும் முறை

மெய்யான எடுத்துக்காட்டு ஒன்றை எடுத்துக்கொள்வாம். ஐக்கிய அமெரிக்காவின் வானிலைத் துறையில் 2014 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த எச்.ஆர்.ஆர்.ஆர். என்னும் முன்கணிப்பு முறை, மணிக்கொருமுறை புதுப்பிக்கப்படுவது. முடிச்சுகளுக்கிடையே 3 கிலோமீற்றர் இடைவெளி உடையது. ஒரு பக்கம் 1799, மறு பக்கம் 1059 ஆக ஏறத்தாழ 19 இலட்சம் முடிச்சுகள் அவ்வலையில் உள்ளன. லம்பேட்டின் கூம்பு, வட அகலக்கோடு 38.5 பாகையிற் பூமியைத் தொடுகின்றது. மேற்கு நெடுங்கோடு 97.5 பாகை படத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கின்றது. அதன் காற்றுக் கூறுகள் வலையின் திசையிலேயே தரப்படுகின்றன.

கூம்பைக் கீறி விரிக்குங்கால், 360 பாகை நெடுங்கோடுகள் யாவும் 360 பாகையிலும் குறைந்த விசிறி ஒன்றினுள் அடங்குகின்றன. எவ்வளவு குறைகின்றது என்பதைத் தொடும் அகலக்கோட்டின் சைன் சொல்லும். 38.5 பாகையின் சைன் 0.6225. அஃதாவது, நடு நெடுங்கோட்டிலிருந்து ஒரு பாகை விலகினால், அவ்விடத்து உண்மை வடக்கு, வலையின் வடக்கிலிருந்து 0.6225 பாகை சாய்ந்திருக்கும். விதி இதுவே: ஓரிடத்து நெடுங்கோட்டிலிருந்து நடு நெடுங்கோட்டைக் கழித்து, 0.6225 ஆற் பெருக்குக. வருவது சுழற்றற் கோணம். கிழக்கே உள்ள இடங்களுக்கு அது நேராகவும், மேற்கே உள்ள இடங்களுக்கு மறையாகவும் வரும்.

பின், கிழக்குக் கூறைப் பெற, வலையின் வலக்கூறைக் கோணத்தின் கோசைனாலும் முன்கூறைச் சைனாலும் பெருக்கிக் கூட்டுக. வடக்குக் கூறைப் பெற, முன்கூறைக் கோசைனாற் பெருக்கி, அதிலிருந்து வலக்கூறைச் சைனாற் பெருக்கி வந்ததைக் கழிக்குக.

பொஸ்டன் நகர் மேற்கு நெடுங்கோடு ஏறத்தாழ 71 பாகையில் உள்ளது. நடுக்கோட்டிலிருந்து அதன் விலக்கம் 26.5 பாகை, கோணம் 16.5 பாகை. அங்கே வலக்கூறு பூச்சியம், முன்கூறு 10 என அட்டவணை காட்டுகின்றது எனக் கொள்வோம். 16.5 பாகையின் சைன் 0.284, கோசைன் 0.959. எனவே கிழக்குக் கூறு 2.84, வடக்குக் கூறு 9.59. நேர் வடக்கு நோக்கியது போலத் தோன்றிய காற்று, உண்மையில் வடக்கிலிருந்து 16.5 பாகை கிழக்கே சாய்ந்து செல்கின்றது.

மேற்குக் கரையிலுள்ள சியாற்றில் நகர் 122.3 பாகையில் உள்ளது. விலக்கம் மறை 24.8, கோணம் மறை 15.4. அங்கும் அட்டவணையில் அதே பூச்சியமும் பத்துமே இருப்பின், கிழக்குக் கூறு மறை 2.66, வடக்குக் கூறு 9.64. அக்காற்று வடக்கிலிருந்து 15.4 பாகை மேற்கே சாய்ந்து செல்வது. அட்டவணையில் ஒன்றே போலத் தோன்றிய இரு காற்றுகளும் தம்முள் ஏறத்தாழ 32 பாகை வேறுபட்டவை.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. செக்கனுக்கு 10 மீற்றர் வேகமுடைய காற்று ஒரு மணி நேரத்தில் 36 கிலோமீற்றர் செல்லும். திசை 16.5 பாகை பிழைப்பின், அது சென்றடையும் இடம் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் விலகும். ஆறு மணி நேரத்தில் அவ்விலக்கம் 60 கிலோமீற்றரைத் தாண்டும். இம்முன்கணிப்பின் 2020 ஆம் ஆண்டுப் பதிப்பிற் காட்டுத்தீயின் புகையும் சேர்க்கப்பட்டது. புகை எவ்வூரை நோக்கி வருகின்றது என்பதை அறிய ஒருவர் அக்காற்றை எடுத்து, சுழற்றாமற் கணிப்பாராயின், எச்சரிக்கை ஓர் ஊருக்குச் செல்லும். புகை வேறோர் ஊருக்குச் செல்லும்.

பிழை ஒளிந்துகொள்ளும் விதம்

கணக்கிலே பிழை இருப்பின் சரிபார்க்கையில் வெளிப்படாதோ எனின், வழக்கமாகச் செய்யும் இரு சோதனைகளும் இங்கே பயன்படா என்பதை மாணாக்கர் ஊன்றி நோக்குக.

முதலாவது, வேகத்தை ஒப்பிடுதல். சுழற்றுதலால் வேகம் மாறுவதில்லை. 2.84 இன் வர்க்கமும் 9.59 இன் வர்க்கமும் கூடி, வர்க்கமூலம் பத்தே ஆகும். ஆகவே சுழற்றினும் சுழற்றாவிடினும் வேகப்படம் ஒன்றாகவே இருக்கும். புயலின் மையம் தன் இடத்திலேயே இருக்கும். வலிய காற்று வீசும் இடங்கள் வலியனவாகவே தோன்றும். படம் அழகாயிருத்தல் அது மெய் என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாவது, தெரிந்த ஓரிடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தல். கான்சஸ் மாநிலத்து விச்சிற்றா நகர் மேற்கு நெடுங்கோடு ஏறத்தாழ 97.3 பாகையில் உள்ளது. நடுக்கோட்டுக்கு மிக அண்மையாதலின் அங்கே சுழற்றற் கோணம் பாகையிற் பத்திலொரு பங்கே. சுழற்றுதலை முற்றாக மறந்தவரும் விச்சிற்றாவிற் சரியான விடையையே பெறுவர். நடுவிற் சரி கண்டு, ஓரத்தையும் சரி என நம்பிவிடுதலே இத்துறையிற் பெரும் பொறி. கரை நோக்கிச் செல்லச் செல்லப் பிழை மெல்ல வளரும். இடையே எங்கும் ஒரு திடீர் மாற்றம் நேர்ந்து கண்ணை உறுத்துவதில்லை.

மற்றும் ஒரு பொறி உண்டு. சில கோப்புகளிற் காற்று முன்னரே பூமியின் திசைக்குச் சுழற்றப்பட்டிருக்கும். அதனை அறியாது மீட்டும் சுழற்றினால், அதே அளவு பிழை எதிர்த்திசையில் விளையும். இதனை அறிவிக்கவே, உலக வானிலையாளர் பொதுவிற் கையாளும் கிரிப் என்னும் கோப்பு வடிவத்தின் தலைப்பகுதியில், கூறுகள் பூமியின் திசையினவோ வலையின் திசையினவோ எனக் குறிக்கும் ஓர் அடையாளம் வைக்கப்பட்டுள்ளது. பூச்சியம் எனின் பூமியின் திசை. ஒன்று எனின் வலையின் திசை. ஒற்றை இலக்கம், ஆயினும் அட்டவணை முழுவதின் பொருளும் அதிலே தங்கியுள்ளது. எண்களைப் படிக்குமுன் அதனைப் படிக்குக.

குறியீட்டிலும் கவனம் வேண்டும். கோணத்தை ஒருவர் வலையிலிருந்து பூமிக்கு அளப்பார்; மற்றொருவர் பூமியிலிருந்து வலைக்கு அளப்பார். டபிள்யூ.ஆர்.எஃப். என்னும் புகழ்பெற்ற கணிப்பு முறை, ஒவ்வொரு முடிச்சுக்கும் உரிய சைனையும் கோசைனையும் தானே எழுதித் தருகின்றது. ஆயின் அதன் சூத்திரத்திற் கூட்டல் கழித்தற் குறிகள் மேலே நாம் கூறியதற்கு எதிராக உள்ளன. இரண்டும் சரியே, கோணம் எதிராக அளக்கப்பட்டமையே காரணம். ஒன்றின் கோணத்தை மற்றொன்றின் சூத்திரத்தில் இடுதலே தவறு.

இடைக்கணிப்பு

இனி இரண்டாம் பகுதி. புதிய நேர்கோட்டு வலையின் புள்ளி ஒன்று, பழைய வலையின் ஒரு கண்ணினுள்ளே விழுகின்றது. அதனைச் சூழ்ந்த நான்கு முடிச்சுகளின் மதிப்பிலிருந்து அப்புள்ளியின் மதிப்பைப் பெறல் வேண்டும். எளிய முறை, அண்மையிலுள்ள முடிச்சுக்கு மிகுந்த நிறையும் தொலைவிலுள்ளதற்குக் குறைந்த நிறையும் கொடுத்துச் சராசரி காண்பது.

புள்ளி, கண்ணின் இடப்பக்கத்திலிருந்து காற்பங்கும் அடியிலிருந்து அரைப்பங்கும் தள்ளியுள்ளது எனக் கொள்வோம். இடப்பக்கத்து முடிச்சுகள் இரண்டுக்கும் தனித்தனி எட்டில் மூன்று, வலப்பக்கத்து முடிச்சுகள் இரண்டுக்கும் தனித்தனி எட்டில் ஒன்று என நிறைகள் அமையும். நான்கும் கூடின் ஒன்று. இடப்பக்கம் கீழே 4, மேலே 6. வலப்பக்கம் கீழே 8, மேலே 10 என மதிப்புகள் இருப்பின், விடை 1.5 உம் 2.25 உம் 1 உம் 1.25 உம் கூடி 6 ஆகும்.

இங்கே காற்பங்கு, அரைப்பங்கு என்பன வலையின் அளவில் அளக்கப்படவேண்டும். லம்பேட் வலையில் இது எளிது: புள்ளியின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் எறியச் சூத்திரத்தில் இட்டால், தாளில் அதன் இடம் நேரே கிடைத்துவிடும். எல்லா வலைகளும் இத்துணை இணக்கமானவையல்ல. 1996 ஆம் ஆண்டில் மறே என்பார் கடற் கணிப்புக்கு விரித்துரைத்த மும்முனைவு வலையில், வடமுனைவுக்குப் பதிலாக இரு முனைவுகள், வட அமெரிக்க நிலத்தில் ஒன்றும் ஆசிய நிலத்தில் ஒன்றுமாக வைக்கப்படுகின்றன. கடல்மேல் முனைவே இல்லாதபடி செய்யும் உபாயம் அது. அத்தகைய வலையில், புள்ளி எந்தக் கண்ணினுள் விழுகின்றது என்பதைத் தேடியே காணவேண்டும். சுழற்றற் கோணத்தையும் ஒவ்வொரு முடிச்சுக்கும் கோப்பிலிருந்தே படிக்கவேண்டும்.

இடைக்கணிப்பிற் கைக்கொள்ளவேண்டிய விதி ஒன்று உண்டு: கூறுகளைச் சராசரியாக்குக, கோணங்களைச் சராசரியாக்கற்க. ஒரு முடிச்சிற் காற்று 350 பாகையிலிருந்தும் அடுத்த முடிச்சில் 10 பாகையிலிருந்தும் வருகின்றது. இரண்டும் ஏறத்தாழ வாடையே. எண்களைக் கூட்டி இரண்டால் வகுப்பின் 180 வரும்; வாடை தென்றலாகிவிடும். கூறுகளாக்கிச் சராசரி கண்டாலோ, நேர் வடக்கிலிருந்து வரும் காற்றே விடையாகும்.

ஆயினும் கூறுகளின் சராசரிக்கும் ஓர் எல்லை உண்டு. எதிரெதிரே செக்கனுக்குப் பத்துப் பத்து மீற்றர் வேகத்துடன் வீசும் இரு காற்றுகளின் கூறுகளைச் சராசரியாக்கினால் பூச்சியம் வரும். திசையறிய விரும்புவோர்க்கு அவ்விடை பொருந்தும். காற்றாலை அமைப்போர்க்கோ அது பொருந்தாது. காற்றின் வலு அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது ஆதலின், அவர்கள் வேகத்தைத் தனியே ஓர் எண்ணிக் கணியமாகக் கொண்டு இடைக்கணித்தல் வேண்டும். எதன்பொருட்டு மாற்றுகின்றோம் என்பதை அறிந்த பின்னரே எவ்வாறு மாற்றுவது என்பதைத் துணிதல் தகும்.

ஓரங்களும் முனைவும்

வளைந்த வலையை நேரான வலையினுள் வைப்பின், மூலைகளில் எண் இல்லாத வெற்றிடம் எஞ்சும். அவ்விடங்களிற் பூச்சியத்தை இடுதல் ஆகாது. காற்றுக்குப் பூச்சியம் என்பது காற்றில்லா அமைதியைக் குறிக்கும் மெய்யான செய்தி. 'அறியப்படவில்லை' என்பதற்கு வேறோர் அடையாளமே வேண்டும்.

சில வலைகளில் இரு கூறுகளும் ஒரே முடிச்சில் இருப்பதில்லை. அரக்காவா என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் 'சி' வலையில், வலக்கூறு கண்ணின் பக்கச் சுவர்களிலும், முன்கூறு மேற்சுவர் கீழ்ச்சுவர்களிலும் வைக்கப்பட்டிருக்கும். சுழற்றும் சூத்திரத்துக்கு இரு கூறுகளும் ஒரே இடத்தில் வேண்டும். ஆதலின் இரண்டையும் முதலிற் கண்ணின் நடுவுக்குக் கொணர்ந்து, பின்னரே சுழற்றுதல் வேண்டும்.

முனைவிலோ கிழக்கு, வடக்கு என்னும் சொற்களே பொருளிழக்கின்றன. வடமுனைவில் நிற்பவர்க்கு எத்திசையும் தெற்கே. அதன் அயலிற் காற்று ஒரே சீராக வீசினும், கிழக்குக் கூறும் வடக்குக் கூறும் நெடுங்கோட்டுக்கு நெடுங்கோடு பெரிதும் மாறும். அவற்றைச் சராசரியாக்குதல் மயக்கம் தரும். அங்கே காற்றைப் பூமியின் மையத்தைக் கொண்ட முப்பரிமாண அச்சுகளில் எழுதி, இடைக்கணித்து, இறுதியில் திருப்புதலே தக்கது.

திசையின் சிறு சாய்வும் பெருஞ்செய்தி தரும் என்பதற்கு அம்முனைவுக் கடலிலேயே ஒரு சான்று உண்டு. 1893 முதல் 1896 வரை நிகழ்ந்த ஃபிராம் என்னும் கப்பலின் பனிக்கடற் பயணத்தை நடத்திய நோர்வே நாட்டு நான்சன், பனிக்கட்டி காற்றின் திசையிலேயே செல்லாது, அதற்கு வலப்புறமாக 20 முதல் 40 பாகை வரை விலகிச் செல்வதைக் கண்டார். பூமியின் சுழற்சியே காரணம் என உய்த்துணர்ந்தார். எக்மன் என்னும் அறிஞர் 1905 இல் அதற்குக் கணித விளக்கம் வெளியிட்டார். 16 பாகைப் பிழையுள்ள காற்றை வைத்துக்கொண்டு இத்தகைய விலகலை ஆராயப் புகுவோர், இயற்கையின் விதியைக் காண்பரோ, தம் வலையின் சாய்வைக் காண்பரோ?

சரிபார்க்கும் வகை

இக்கணக்கைச் செய்யப் பல மென்பொருள்கள் உள்ளன. அவற்றுட் பல, தரப்படும் ஒவ்வோர் அட்டவணையையும் எண்ணிக் கணியமாகவே கொள்வன. இரு கூறுகளும் ஒரே காற்றின் இரு பகுதிகள் என்பதைத் தாமாக அறியா. ஆதலின் பயன்படுத்துவோர் கீழ்வரும் நான்கையும் தாமே செய்தல் நன்று.

முதலாவது, கோப்பின் அடையாளத்தைப் படித்து, கூறுகள் எத்திசையின என அறிக. இரண்டாவது, பூமியெங்கும் மேல்காற்றே வீசுவதாக ஒரு கற்பனைக் காற்றை எடுத்து, அதனை வலைத்திசைக் கூறுகளாக்கி, நம் முறையால் மீட்டும் மாற்றிப் பார்க்க. மேல்காற்றே திரும்பி வரின் முறை சரி. மூன்றாவது, நடுவில் ஓரிடம், கிழக்கோரத்தில் ஓரிடம், மேற்கோரத்தில் ஓரிடம் என மூன்றிடத்திலும் ஒப்பிடுக. கிழக்கிலும் மேற்கிலும் பிழை எதிர்க்குறியுடன் தோன்றின், சுழற்றல் விடுபட்டது அல்லது இருமுறை நிகழ்ந்தது எனத் துணிக. நான்காவது, விமான நிலைய அவதானங்களோடு ஒப்பிடுங்கால், எழுத்தில் வரும் மெற்றார் அறிக்கையின் திசை உண்மை வடக்கிலிருந்து அளக்கப்பட்டது என்பதையும், கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானிக்கு வாய்மொழியாகச் சொல்லும் திசை பொதுவாகக் காந்த வடக்கிலிருந்து அளக்கப்பட்டது என்பதையும் மறவற்க. அங்கும் 'எந்த வடக்கு?' என்னும் வினாவே நம்மை எதிர்கொள்கின்றது.

கணினி பெருகிய இந்நாளில் எண்கள் மலிந்துவிட்டன. இலட்சக்கணக்கான முடிச்சுகளின் காற்றை ஒரு நொடியில் வேறொரு வலைக்கு மாற்றலாம். ஆயின் எண்ணைத் தருவோர் அதனை எங்கே நின்று, எத்திசை நோக்கி அளந்தனர் என்பதைக் கணினி தானாகக் கேளாது. கற்றவரே கேட்டல் வேண்டும். செய்யுளில் ஒரு சொல்லைக் கண்டவுடன், அஃது எவ்விடத்து, எப்பொருளில் ஆளப்பட்டது என வினவிப் பழகிய மாணாக்கர்க்கு அவ்வினா புதிதன்று. விஞ்ஞானப் பிரிவிற் பயில்வோரும் கலைப்பிரிவிற் பயில்வோரும் ஒருங்கே கைக்கொள்ளவேண்டிய பழக்கம் அது. நம் கல்லூரி மாணாக்கர் எத்துறையிற் புகினும் அப்பழக்கத்தைக் கைவிடாதிருப்பாராக.